பின் அறையில் ரேடான்: ஜன்னலா, சிமெண்டா, பைப்பா?

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் என் மச்சான் வீடு இருக்கிறது. சரிவை வெட்டிக் கட்டிய வீடு. முன்பக்கம் பேஸ்மட்டம் நாலடி உயரத்தில் நிற்கும். பின் அறையின் சுவர் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அறையில்தான் அத்தை படுக்கிறார். ஐப்பசியில் அடைத்த ஜன்னலை மாசி வரைக்கும் திறக்க மாட்டார். வெளிநாட்டில் படிக்கும் மச்சான் மகள் லீவுக்கு வந்தபோது ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். முன் ஹாலில் ஒரு எண் காட்டியது. பின் அறையில் அதைப்போல நாலு மடங்கு. அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். ஜன்னலைத் திறந்து போடுவதா, விரிசலை அடைப்பதா, தரைக்கடியில் பைப் விட்டு இழுப்பதா?

“கண்ணுக்கும் தெரியல, மூக்குக்கும் தெரியல. அதுக்கு எதுக்கு மாப்ள பைப்பு?” என்றார் மச்சான். சேலத்தில் இருபது வருடமாகக் கட்டட வேலை பார்ப்பவன் என்பதால் கணக்குப் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்படிப் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கீழே சேலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் பாதி பொருந்தும்.

மண்ணிலும் பாறையிலும் எங்கும் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான். முன்னதெல்லாம் கல்லோடு கல்லாகக் கிடக்கும். ரேடான் வாயு என்பதால் கிளம்பி மேலே வருகிறது. வெட்டவெளியில் வந்தால் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வந்தால் தங்கும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 3.8 நாள். சிதையும்போது பிறக்கும் பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் படிகிறது. அங்கிருந்து ஆல்பா கதிர் வீசுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு இது ஒரு காரணம் என்பது 1988-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொன்ன விஷயம். 2009-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட கையேடு, வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது, அது முடியாத இடத்திலும் 300-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். 100, 300 இரண்டுமே வருட சராசரி. ஒரு ராத்திரி எண்ணை வைத்துக்கொண்டு பயப்படக்கூடாது.

மீட்டர் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அலகு. அமெரிக்காவுக்குச் செய்த மீட்டர் லிட்டருக்கு இத்தனை பிக்கோகியூரி என்று காட்டும். அங்கே 4 வந்தால் ரேடானைக் குறைக்கும் வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். அந்த 4 நம் கணக்கில் 148 பெக்கரல். திரையில் “4” என்று பார்த்துவிட்டு, நூறுக்குள்தானே இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிடக்கூடாது.

அப்புறம் பீடி. ஐரோப்பாவில் 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005-இல் வெளியான கணக்கு ஒன்று இருக்கிறது. புகைக்காதவர் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு, ரேடானே இல்லாத வீட்டில் ஆயிரத்துக்கு 4. 100 பெக்கரல் வீட்டில் 5. 400 பெக்கரல் வீட்டில் 7. புகைப்பவருக்கு அதே மூன்று வீடுகளில் ஆயிரத்துக்கு 100, 120, 160. இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செலவில் எது முதல் என்பது தெரிந்துவிடும். வீட்டில் பீடி, சிகரெட் இருந்தால் பைப்புக்கு முன்னால் அதை நிறுத்த வேண்டும். இதை மச்சானிடம் சொன்னபோது அவர் முற்றத்தில் காயும் மிளகைக் கிளறப் போய்விட்டார்.

சரி, அளப்பதற்கு என்ன வழிகள் இருக்கின்றன?

கரி டப்பா ஒரு வழி. ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய சின்ன டப்பாவை இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் வரை திறந்து வைத்து, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் இதுதான் மலிவு, சுலபம். ஏற்காட்டுக்கு இது சரிப்படாது என்பது என் கருத்து. ஒன்று, கரி ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மலை மேல் மஞ்சு இறங்கும் மாதங்களில் துணியே காய்வதில்லை. இன்னொன்று, பிடித்த ரேடான் தபாலிலேயே சிதைந்துகொண்டிருக்கும். டப்பா ஒரு வாரம் வழியில் கிடந்தால் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிச்சம். ஆய்வகம் நாளைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும் என்றாலும், எண்ணுவதற்கு மிச்சம் குறையக் குறைய நம்பிக்கையும் குறையும்.

ஃபிலிம் டப்பா இரண்டாவது வழி. உள்ளே ஒரு துண்டு பிளாஸ்டிக் ஃபிலிம். ஆல்பா துகள் பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வடு விழும். மூன்று மாதம் தொங்கவிட்டபின் ஆய்வகத்தில் அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் பெரிதாகும். அவற்றை எண்ணிச் சராசரி சொல்வார்கள். கரண்ட் வேண்டாம், ஈரத்தைப் பற்றிக் கவலை இல்லை, யாரும் தொட்டு நோண்டவும் எதுவும் இல்லை. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதற்கென்றே இரண்டு அறை கொண்ட டப்பா ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நடுவில் ஊசித்துளை. தோரான் என்று ரேடானுக்கு ஒரு தம்பி உண்டு. தோரியத்திலிருந்து வருவது, அரை ஆயுள் ஒரு நிமிடம்கூட இல்லை. துளையைத் தாண்டி இரண்டாவது அறைக்குப் போவதற்குள் அது செத்துவிடும். ஆக முதல் அறையில் இரண்டும் சேர்ந்து, இரண்டாவதில் ரேடான் மட்டும். மண் சுவர் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது முக்கியம். தோரான் சுவரிலிருந்தே கிளம்பக்கூடியது. வீட்டு மீட்டர்கள் பெரும்பாலும் அதைப் பிரித்துக் காட்டுவதில்லை. பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் கதிரியக்கம் பார்க்கும் பேராசிரியர்களிடம் கேட்டால் இந்த டப்பாவுக்கு வழி பிறக்கும். மலை வீட்டில் அளந்து தருகிறேன் என்றால் அவர்களுக்கும் அது ஆய்வுதான்.

மூன்றாவது, மகள் கொண்டுவந்த மாதிரி மின்னணு மீட்டர். விலை ஒரு நல்ல செல்போன் அளவுக்கு வரும். முதல் நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு வாரம் போன பிறகுதான் பேச்சு. ஆனால் இது தரும் ஒரு லாபம் ஃபிலிமில் கிடைக்காது. எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று காட்டும். அத்தை அறையில் கதவை அடைத்துப் படுத்தபின் நள்ளிரவிலிருந்து ஏறி விடியலில் உச்சத்துக்குப் போகும். கதவைத் திறந்து கூட்ட ஆரம்பித்தால் சரசரவென்று இறங்கும். வியாதி எங்கே என்று அந்த ஏற்ற இறக்கமே சொல்லிவிடுகிறது.

நான் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் ஃபிலிமை எடுப்பேன். மூன்று நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கிச் சுற்றிவிட முடியும் என்றால் மீட்டர். எதுவானாலும் படுக்கை அறையில், தரையிலிருந்து இரண்டடிக்கு மேல், ஜன்னல் ஓரமில்லாமல் வைக்க வேண்டும். சமையலறையும் குளியலறையும் வேண்டாம். பக்கத்து வீட்டில் அளந்ததை வைத்து நம் வீட்டை முடிவு செய்வதும் கூடாது. 1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் வேலைக்குப் போன அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. தேடிப் பார்த்தால் கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து வந்திருந்தது. உள்ளே கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பெக்கரல். பக்கத்து வீட்டில் அதன் கிட்டேகூட இல்லை.

பாறையை வைத்தும் ஓரளவுதான் சொல்லலாம். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட். ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருவான இந்த மாதிரிப் பாறைகளில் கிரானைட்டை விட யுரேனியம் பொதுவாகக் குறைவு. சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) கிடைக்கும் கரட்டுப் பாறைகளில் இன்னும் குறைவு. சங்ககிரிப் பக்கம் கிரானைட். ஆனால் பாறையில் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கதைதான். மண்ணின் இறுக்கம், தரையின் விரிசல், ஜன்னலின் பழக்கம் மூன்றும் சேர்ந்துதான் வீட்டுக்குள் வரும் எண்ணைத் தீர்மானிக்கின்றன. மழையில் வெளிமண் ஊறி வாய் அடைத்துக்கொண்டால், வாயு காய்ந்த இடம் தேடி வீட்டுக்கடியில் வரும். அந்தக் காய்ந்த இடம் நம் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

இனி குறைக்கும் வழிகள். மலைப் பழங்குடிக் குடும்பங்களின் பழைய ஓட்டு வீடு, சந்து சந்தாகக் காற்று ஓடுவது. அதற்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாமல் போகலாம். அங்கே விறகு அடுப்புப் புகைதான் பெரிய எதிரி. வம்பெல்லாம் கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, காற்றுப் புகாத யுபிவிசி ஜன்னல் வைத்த புது வீட்டில்.

ஜன்னலைத் திறப்பதற்குக் காசு இல்லை. கீழே சேலத்தில் இதுவே போதும். சித்திரை வெயிலில் அடைத்துக்கொண்டு யார் இருக்கப் போகிறார்கள், ஏசி அறையைத் தவிர? மலை மேல் மார்கழி ராத்திரியில் எழுபது வயது அம்மாவிடம் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். மூடிய சில மணி நேரத்தில் எண் பழையபடி ஏறிவிடுவதால் பகலில் திறப்பது அரை மருந்துதான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. உள்ளே வெதுவெதுப்பு, வெளியே குளிர் என்றால் சூடான காற்று மேலே கசிந்து போகும். அந்த இடத்தை நிரப்பத் தரை வழியாக மண்காற்று உறிஞ்சப்படும். மாடிப்பக்க ஜன்னலை மட்டும் திறந்தால் உறிஞ்சல் கூடும். கீழ்ப்பக்கம் எதிரெதிராக இரண்டு திறப்பு வேண்டும்.

இதே காரணத்தால்தான் எக்ஸாஸ்ட் ஃபேனை நான் வேண்டாம் என்பேன். கடைக்காரர் முதலில் காட்டுவது அதைத்தான். அறைக் காற்றை அது வெளியே தள்ளும், உண்மை. பதிலுக்குக் காற்று எங்கிருந்து வரும்? கதவும் ஜன்னலும் அடைத்திருந்தால் விரிசல் வழியாக மண்ணிலிருந்துதான். பழைய பங்களாக்களில் கணப்பு எரித்துப் புகைபோக்கி இழுக்கும்போதும் இதே கதை. திருப்பிப் போட்டு வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஃபேன் இங்கிலாந்தில் பழக்கத்தில் இருக்கிறது. நடுத்தர அளவு ரேடானுக்கு வேலை செய்யும். குளிர் காற்று முகத்தில் அடிக்கும் என்பதால் ஏற்காட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

விரிசலை அடைப்பது மச்சானுக்குப் பிடித்த வழி. “ஒரு மூட்டை சிமெண்ட், ரெண்டு டியூப் சிலிக்கான், முடிஞ்சுது” என்றார். முடியாது. நம் ஊரில் பேஸ்மட்டத்துக்குள் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்சு போட்டு இறுக்கித்தான் பி.சி.சி. என்ற கம்பியில்லாத கான்கிரீட் தளம் போடுகிறோம். எவ்வளவு இறுக்கினாலும் நாலைந்து வருடத்தில் மண் அமுங்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஸ்கர்டிங் டைலுக்குக் கீழே முடி அளவு இடைவெளி விழும். அந்த முடி அளவு போதும். அதை அடைத்தால் பாத்ரூம் டிராப் ஓரத்தில் வரும். அதையும் அடைத்தால் ஒயர் போகும் பைப்பில். அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனமே அடைப்பதை மட்டும் தனியாக நம்பாதீர்கள் என்கிறது. ஆனால் உறிஞ்சும் பைப் போடும்போது அடைப்பதும் சேர்ந்தால் ஃபேனின் இழுப்பு வீணாகாது. துணைக்கு நல்லது.

தரைக்கடியில் பைப். இதைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு முதலில் குழப்பம் வந்தது. அமெரிக்கப் படங்களில் எல்லாம் நிலத்தடி அறை, அதன் தரையை ஓட்டை போட்டு, வீட்டுக்குள்ளேயே பைப்பை மேலே ஏற்றி, கூரைக்கு வெளியே விடுகிறார்கள். நமக்கு பேஸ்மெண்ட் என்றால் வேறு. மண் நிரம்பிய மேடை. அப்புறம்தான் உறைத்தது, அதுவே நமக்கு வசதி என்று. தரையில் கை வைக்கவே வேண்டாம். வெளியே நின்றுகொண்டு பேஸ்மட்டச் சுவரில், பிளிந்த் பீமில் (சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) படாமல், கோர் கட்டிங் மெஷினால் ஐந்து அங்குலத் துளை. அதன் வழியாகக் கையை விட்டு ஒரு வாளி, இரண்டு வாளி மண்ணை வெளியே எடுத்தால் தளத்துக்குக் கீழே ஒரு சின்னப் பொந்து. நாலு அங்குல பிவிசி பைப்பைச் செருகி, சுற்றி அடைத்து, வெளிச்சுவரோடு மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோய், வழியில் பைப்போடு பைப்பாகப் பொருந்தும் ஒரு இன்லைன் ஃபேன். இங்கிலாந்தில் வெளியிலிருந்து தோண்டும் முறை என்று கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்கள். ஃபேன் ஓடும்போது தளத்துக்குக் கீழே அழுத்தம் குறையும். வாயு வீட்டுக்குள் ஏறுவதற்குப் பதில் பைப்பில் ஏறும். மண்ணை உறிஞ்சும் இந்த வகை முறைகள் பாதியிலிருந்து 99 சதவீதம் வரை குறைக்கின்றன.

அந்தப் பாதிக்கும் 99-க்கும் நடுவில் நம் வீடு எங்கே நிற்கும் என்பது தளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜல்லி இருந்தால் ஒரு துளையே வீடு முழுக்க இழுக்கும். இறுகிய கிராவலில் இழுப்பு தூரம் போகாது. இரண்டு இடத்தில் துளை வேண்டியிருக்கும். சோதிக்க வழி எளிது. ஃபேனை ஓடவிட்டு, அறையின் மறுகோடியில் ஸ்கர்டிங் விரிசல் பக்கம் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை விரிசலுக்குள் இறங்கினால் இழுப்பு அங்கே வரை வந்திருக்கிறது.

செய்யக்கூடாதவை சில. ஃபேனை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. அதற்கு மேலே பைப்பில் ஒரு கசிவு வந்தால் மொத்த வாயுவும் அறைக்குள். பைப் எங்கேயும் தொங்கிப் பள்ளம் விழக்கூடாது. மண்காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகித் தேங்கி வழியை அடைத்துவிடும், சரிவு மண்ணை நோக்கியே இருக்க வேண்டும். ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க, மேஸ்திரி மட்டம் பார்க்கும் டியூப்பில் ஒரு முழம் வெட்டி, யு வடிவில் வளைத்து, சாயத் தண்ணீர் ஊற்றி, ஃபேனுக்குக் கீழே உள்ள பைப்போடு ஒரு முனையை இணைத்துவிட்டால் போதும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் ஃபேன் செத்துவிட்டது.

கரண்ட் செலவு என்று மச்சான் சண்டைக்கு வந்தார். 60 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று குறைவு. இரண்டு மாத பில்லுக்கு 86 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை இதுவே சாப்பிட்டுவிடும். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மலையில் கரண்ட் போவதைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வருட சராசரி கெட்டுவிடாது.

வேறு சிலது வேகமாக. ஏர் ப்யூரிஃபையர் தூசியில் ஒட்டியதைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சமையல் மேடைக் கிரானைட்டைப் பெயர்க்க வேண்டாம். மண்ணிலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் அது பொதுவாகச் சொற்பம். போர் தண்ணீரில் ரேடான் இருக்கலாம், ஆனால் ஒரு கன மீட்டர் தண்ணீரில் 10,000 பெக்கரல் இருந்தால்தான் ஒரு கன மீட்டர் வீட்டுக் காற்றில் ஏறக்குறைய 1 பெக்கரல் கூடும். மாடித் தொட்டியில் கொட்டித் தேங்கும்போதே கொஞ்சம் பறந்துவிடும்.

புதிதாகக் கட்டுபவர்கள் இத்தனையும் படித்திருக்கவே தேவையில்லை. பி.சி.சி.க்குக் கீழே நாலு அங்குல கனத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, அதில் துளையிட்ட பைப் ஒன்று, மேலே கெட்டி பாலிதீன் ஷீட், பைப்பின் வாயை மொட்டை மாடி வரை ஏற்றி மூடி வைத்துவிடுங்கள். கரையான் மருந்து அடிக்கும் வாரத்திலேயே முடியும் வேலை. பின்னால் எண் கூடினால் மூடியைக் கழற்றி ஃபேனை மாட்டினால் போதும்.

எண்ணை வைத்து நான் போட்ட கோடு இதுதான். வருட சராசரி 100-க்குள் என்றால் விட்டுவிடலாம். 100 முதல் 300 வரை என்றால் விரிசல் அடைப்பு, எதிரெதிர்க் காற்றோட்டம், மறுபடி ஒரு அளவு. 300-க்கு மேல் என்றால் பேச்சில்லாமல் பைப். மச்சான் வீட்டு ஹால் முதல் கட்டத்தில் இருக்கிறது. பின் அறை மூன்றாவதில். ஆனால் மீட்டர் ஓடியது குளிர்கால இரண்டு மாதம், வருடத்திலேயே மோசமான காலம்.

பின் அறைக்கு இன்னொரு சிக்கல், அந்த மண் ஒட்டிய சுவர். தளத்துக்குக் கீழே இழுத்தாலும் சுவர் வழியாக வருவது நிற்காது. சுவருக்குப் பின்னால் மண்ணை விலக்கி, துளைப் பைப் வைத்து ஜல்லி நிரப்பினால் வாயுவும் வெளியேறும், வருடா வருடம் அடிக்கும் ஓதமும் நிற்கும். பெயிண்ட் உரிந்து விழும் அந்த ஓதத்துக்காகவே இதைச் செய்யலாம் என்றதும் மச்சான் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஆனால் சரிவின் அடியைத் தோண்டுவது விளையாட்டல்ல. மழைக்காலத்தில் கூடவே கூடாது. சின்னச் சின்ன நீளமாகத் தோண்டி அன்றன்றே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். மாசிக்கு முன்னால் மண்வெட்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனைக்கும் முன்னால் செலவே இல்லாத வழி ஒன்று இருந்தது: அத்தை கட்டிலை முன் அறைக்கு மாற்றுவது. பின் அறையை மிளகு மூட்டைக்கு விட்டுவிடலாம். மூட்டைக்கு நுரையீரல் இல்லை. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. முன் அறையில் ரோட்டுச் சத்தம், சாமி படம் பின் அறையில், அந்தச் சுவர் ஓரம்தான் கதகதப்பு. மூன்று நாள் பேசியதில், ஃபிலிம் டப்பா தொங்கும் மாதங்களுக்கு மட்டும் முன்னால் படுப்பதாக இறங்கி வந்திருக்கிறார். சாமி படமும் கூட வரவேண்டுமாம். ஆணி அடிக்க நான் ஞாயிற்றுக்கிழமை மேலே போகிறேன்.